மூலமாதிரி: ‘டைப்’ என்றால் வகையா?

நெய்வேலிக் காட்டாமணக்கு இலையில் கரும்புள்ளிகளோடு ஒட்டிக்கிடக்கும் ஆமைவண்டுக்கு 1775இல் ‘மிலியாரிஸ்’ என்று பெயர் வைத்தவர் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ். ஒரு புது இனத்துக்குப் பெயரிட ஆதாரமாக வைத்த உடலைத்தான் ‘டைப் ஸ்பெசிமன்’ என்கிறார்கள்.

‘டைப்’ கிரேக்க வேர் கொண்டது. அடி, அடித்ததால் பதிந்த தடம், முத்திரை என்பவை பழைய பொருள்கள். நம் ‘அச்சு’க்குப் பக்கத்தில் நிற்கும் சொல். தமிழில் ‘வகைமாதிரி’ என்று எழுதிவருகிறோம். எனக்கு அதில் திருப்தி இல்லை. இனத்தின் சராசரி உருவம் இதுதான் என்று அது எண்ண வைக்கிறது. கால் ஒடிந்த, நிறம் போன வண்டும் டைப் ஆகலாம். பெயரைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. ‘பெயர்தாங்கி’ பொருளுக்கு நேரானது, ஆனால் பேச்சில் அது ‘பெயருக்கு மட்டும்’ என்றாகிவிட்டது. ‘மூலமாதிரி’ என்பதே சரி. சிவன் கிழவராக வந்து அடிமை ஓலை காட்டிய திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் படி ஓலையைச் சுந்தரர் கிழித்தபின்னும் தீர்ப்பைத் தந்தது மூல ஓலைதானே.

அந்த வழக்கில் ஓலை எழுதிய சுந்தரரின் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டார்கள். பழைய மூலமாதிரியைத் தேடுபவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். சுவீடனின் போஹெமான் 1850 முதல் 1862 வரை ஆமைவண்டுகளுக்கென்றே நான்கு தொகுதிகள் எழுதினார். ஒன்றை மட்டும் மூலமாதிரியாகக் குறிக்கும் வழக்கம் அன்று இல்லை. ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகப் பெட்டியில் ‘டைப்’ என்று சீட்டு இருந்தாலும் அது பிற்கால ஊழியர் குத்தியதாக இருக்கலாம். அதனால் சீட்டின் கையெழுத்து, ஊர், சேகரித்தவர் பெயர், உடல் அளவு எல்லாம் நூலின் விவரிப்போடு பொருந்த வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. பல ஆமைவண்டுகளின் பொன்மினுக்கு இறக்கை உறையிலுள்ள ஈரத்தால் வருவது. செத்துக் காய்ந்தால் வெறும் பழுப்பு.

அப்புறம் உட்பிரிவுகள். ஆசிரியரே ஒன்றைக் குறித்திருந்தால் ஹோலோடைப், அதாவது தனிமூலமாதிரி. குறிக்காமல் பலவற்றைப் பார்த்து எழுதியிருந்தால் அவை சின்டைப், இணைமூலமாதிரிகள். அவற்றிலிருந்து பின்னால் வந்தவர் ஒன்றைத் தேர்ந்து அறிவித்தால் லெக்டோடைப். கிரேக்கத்தில் ‘லெக்டோஸ்’ என்றாலே தேர்ந்தெடுத்தது, ஆகவே தேர்மூலமாதிரி. எல்லாம் அழிந்துபோய், பெயர்க்குழப்பமும் தீராவிட்டால் மட்டுமே நியோடைப், புதுமூலமாதிரி.