உளிக்கோட்டில் எழும் அதிகாரம்

பதினான்காம் லூயி ஆண்ட பிரான்சில் அரசரையோ அமைச்சரையோ நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு அந்த முகங்கள் நாணயங்களிலும், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாள்களிலும்தான் அறிமுகமாயின. வண்ணமற்ற, பெரும்பாலும் கையடக்கமான அந்தத் தாள்களில் ஒருவரின் அதிகாரம் எப்படித் தெரிந்தது என்பதற்கான விடை, முதலில் கோட்டில் இருக்கிறது.

செதுக்குளியின் முனை தகட்டில் ஆழமாக இறங்க இறங்கப் பள்ளம் அகலமாகும். அகலமான பள்ளம் அதிக மையைத் தாங்கி, ஈரத்தாளில் அழுத்தும்போது தடித்த கோடாகப் பதியும். உழவர் கலப்பையை அழுத்திச் செலுத்துவதுபோலக் கலைஞர் உளியை முன்னோக்கித் தள்ளுகிறார். வளைவு வேண்டிய இடத்தில் கையை வளைக்காமல், மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மீது கிடக்கும் தகட்டையே சுழற்றுகிறார். இதனால் மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மீண்டும் மெலிந்து முடியும் கோடு பிறக்கிறது. பேனாவின் அவசரமோ பென்சிலின் தயக்கமோ அதில் இருக்க வழியில்லை. கை நடுங்கினால் தகடு அதை எளிதில் மறைக்காது. செதுக்கியவரின் இந்த நிதானத்தைப் பார்ப்பவர் படத்தில் இருப்பவரின் நிதானமாகவே எடுத்துக்கொள்கிறார் என்பது என் கருத்து.

இக்கலையின் தலைசிறந்த கையாக நான் கருதுவது ரொபேர் நான்தெய் (1623–1678) என்பவரை. அமைச்சர்களான மசாரன், கொல்பேர் ஆகியோரையும் அரசரையும் அவர் செதுக்கியிருக்கிறார். அவருடைய படங்கள் பலவற்றில் பின்புலம் ஒரே சீரான நெருங்கிய கோடுகளால் நிரம்பியிருக்கும். ஆடையில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் பின்னும். முகத்தில் மட்டும் அவை சிறு கீற்றுகளாகவும் புள்ளிகளாகவும் உடைந்து, தாளின் வெண்மைக்கு இடம்விடும். ஆகவே படத்திலேயே ஒளிமிக்க பகுதிகளுள் ஒன்றாக நெற்றி மிளிர, கண் வேறெங்கும் அலையாமல் அங்கே சென்று நிற்கிறது.

கட்டமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. கல்லில் குடைந்த சாளரம்போல் தோன்றும் முட்டைவடிவச் சட்டம், அதன் கீழே பெயரும் பட்டங்களும் குலச்சின்னமும் தாங்கும் பீடம் ஆகியவை நினைவுச்சின்னங்களின் இலக்கணத்தைக் கொண்டவை. உயிரோடு இருப்பவர், ஏற்கெனவே வரலாற்றில் இடம் பெற்றுவிட்டவர்போல் அதனுள் அமர்கிறார். உடல் சற்றே திரும்பியிருக்க, கண்கள் நேராக நம்மை நோக்குகின்றன. அகன்ற தோள்கள் அடித்தளமாகி முகத்தை உயர்த்துகின்றன.

1660இல் அரசர் வெளியிட்ட ஆணை, செதுக்குக்கலையைக் கைவினைஞர் குழுக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத சுதந்திரக் கலையாக அறிவித்தது. தம் உருவத்தைப் பெருக்கித் தரும் கைகளை மன்னர் மதித்ததில் வியப்பொன்றுமில்லை.

அடுத்த தலைமுறையில் முழு உருவப் படங்கள் ஓங்கின. ஓவியர் ரிகோ தீட்டிய ஆயர் போசுவேயின் உருவத்தைப் பியேர்-அம்பேர் திரெவே 1723இல் செதுக்கினார். வண்ணத்தின் உதவியின்றியே மென்மயிர், லேஸ், பட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோட்டுமுறையை அவர் வகுத்திருக்கிறார். தூணும் திரையும் நூல்களும் சூழ நிமிர்ந்து நிற்கும் போசுவே அப்போது இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.