உறங்குகிறவரின் கண்கள் அனுப்பிய தந்தி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இரவு 11.30-க்குத்தான் படுக்கப் போக முடிகிறதாம். காலை 5 மணிக்கு அலாரம். எழுந்ததும் இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டும். "கனவுக்குள்ளேயே 'இது கனவு' என்று தெரிந்துகொண்டு நடமாடலாம் என்கிறார்களே, லூசிட் ட்ரீமிங் என்று, அது நிஜமா? என்னைப் போல நேரமே இல்லாதவர்கள் பழக முடியுமா? பழகினால் தூக்கம் கெட்டுப்போகுமா?"

நிஜம்தான். தமிழில் தெளிவுக் கனவு என்று வைத்துக்கொள்வோம். 1913-ல் டச்சு மனநல மருத்துவர் பிரெடரிக் வான் ஈடன் தன் கனவுகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் லூசிட் என்ற பெயரை நிலைக்க வைத்தது. அரை நூற்றாண்டு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2016-ல் கணக்கிட்டபோது, வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிக் கனவு கண்டவர்கள் சுமார் 55% என்று வந்தது. மாதம் ஒரு முறையாவது காண்பவர்கள் 23%. எனவே நம் வாசகி ஏற்கெனவே ஒன்றைக் கண்டு மறந்திருக்கவும் கூடும்.

உறக்கத்தின் அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நம் உறக்கம் ஓடுகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். ரெம் உறக்கம் என்பது அதன் பெயர். கதையோடு கூடிய தெளிவான கனவுகள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. முதல் சுற்றில் இது சில நிமிடங்கள்தான். விடியலை நெருங்க நெருங்க நீண்டு, அரை மணி நேரம், அதற்கு மேலும் போகும். காலை 5 மணி அலாரம் வெட்டி எறிவது கனவின் மிக நீளமான அத்தியாயங்களை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். "கனவில் எனக்கு நினைவு இருந்தது" என்று ஒருவர் காலையில் சொன்னால் அதை எப்படி நம்புவது? ஒரு கணம் விழித்துவிட்டு, அதைக் கனவு என்று நினைத்துக்கொள்கிறார் என்றுதான் விஞ்ஞானிகள் பலர் நீண்ட காலம் சொன்னார்கள். உறக்கத்துக்குள் இருக்கும்போதே அவர் சைகை காட்டினால் ஒழிய இதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் ரெம் உறக்கத்தில் உடம்பு அசையாது. மூளைத்தண்டிலிருந்து போகும் ஒரு கட்டளை, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கி வைக்கிறது. கனவில் ஓடும்போது நாம் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் காப்பது அதுதான்.

இந்த அடக்குமுறையிலிருந்து தப்பியவை சில உண்டு. மூச்சை இயக்கும் உதரவிதானம் ஒன்று. கண்களைத் திருப்பும் தசைகள் இன்னொன்று. கட்டிப்போட்ட உடம்பில் கண் மட்டும் அவிழ்ந்து கிடக்கிறது. அப்படியானால் கனவு காண்பவர் கனவுக்குள் வேண்டுமென்றே கண்ணைத் திருப்பினால், நிஜக் கண்ணும் திரும்பியாக வேண்டும் அல்லவா?

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இதைத்தான் செய்து பார்த்தார். அடிக்கடி தெளிவுக் கனவு காணும் ஆலன் வொர்ஸ்லி என்பவரை ஆய்வகத்தில் உறங்க வைத்தார். கனவு என்று உணர்ந்ததும் கண்களை இடமும் வலமுமாக 8 முறை திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. 1975 ஏப்ரல் 12 காலையில், ரெம் உறக்கத்தின் ஒழுங்கற்ற கோடுகளுக்கு நடுவே, கண்ணசைவைக் காகிதத்தில் வரையும் கருவியின் பேனா முனை சீராக இடம், வலம், இடம், வலம் என்று எழுதியது. மூளை அலை உறக்கத்தைக் காட்டுகிறது, தசைகள் தளர்ந்து கிடக்கின்றன, ஆனால் உள்ளேயிருந்து ஒருவர் செய்தி அனுப்புகிறார். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது ஹெர்னுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இமை மூடியிருக்கும்போது கண் திரும்புவது பேனாவுக்கு எப்படித் தெரிந்தது? நம் கண் ஒரு குட்டி பேட்டரி. முன்பக்கக் கருவிழிப் படலம் நேர்முனை, பின்பக்க விழித்திரை எதிர்முனை. இரண்டுக்கும் இடையே வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மின்னழுத்தம் எப்போதும் இருக்கிறது. கண்ணின் வெளி ஓரங்களில் தோல்மேல் ஆளுக்கொரு மின்முனையை ஒட்டிவிட்டால், கண் வலப்பக்கம் திரும்பும்போது நேர்முனை வலது மின்முனையை நெருங்கும், கோடு ஒருபக்கம் ஏறும். இடப்பக்கம் திரும்பினால் மறுபக்கம் இறங்கும். கேமரா வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், இமையைத் திறக்கவும் வேண்டாம்.

அப்புறம் அமெரிக்காவில் ஸ்டான்போர்டின் ஸ்டீபன் லபெர்ஜ், ஹெர்னின் வேலை தெரியாமலேயே இதே வழியைக் கண்டுபிடித்து 1981-ல் வெளியிட்டார். கனவுக்குள் ஒரு சைகை கொடுத்துவிட்டு 10 விநாடி எண்ணி, மறுபடி ஒரு சைகை கொடுக்கச் சொன்னார். இரண்டு சைகைக்கும் நடுவில் ஆய்வகக் கடிகாரத்திலும் ஏறக்குறைய அதே நேரம்தான் கழிந்திருந்தது. கனவில் ஒரு யுகம் ஒரு நொடியில் போய்விடும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது நல்ல பதில்.

அவரும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட சோதனை இன்னும் அழகு. அதன் பாதியை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி மெதுவாக இடமிருந்து வலம் கொண்டுபோய், கண்ணால் அதைத் தொடருங்கள். எதிரே உட்கார்ந்து ஒருவர் உங்கள் கண்ணைக் கவனிக்கட்டும். கண் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது கையைக் கீழே போட்டுவிட்டு, கட்டைவிரல் போவதாகக் கற்பனை செய்து தொடருங்கள். கண் தத்தித் தத்தித்தான் போகும். எவ்வளவு முயன்றாலும் வழுக்காது. நகரும் பொருள் ஒன்று பார்வைக்குக் கிடைத்தால்தான் கண் சீராகத் தொடரும், வெறும் நினைப்பு அதற்குப் போதாது. சரி, கனவில் கட்டைவிரலை நீட்டினால்? அறை இருட்டு, இமை மூடியிருக்கிறது, விரல் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. இருந்தும் கண் வழுக்கியே போனது! அதாவது, கனவு காண்பது மூளையைப் பொறுத்தவரை கற்பனையைவிடப் பார்வைக்கு நெருக்கமானது. மனக்கண்ணில் பார்ப்பதும் கனவில் பார்ப்பதும் ஒன்று என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன்.

2021-ல் இது உரையாடலாகவே வளர்ந்தது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று நான்கு நாட்டு ஆய்வகங்கள் 36 பேரிடம் உறக்கத்தில் கேள்வி கேட்டன. எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்ற கேள்விக்கு ஓர் இளைஞர் கண்ணை இரண்டு முறை இடம் வலமாகத் திருப்பினார். எல்லா முயற்சிகளிலும் சரியான பதில் கிடைத்தது 18% அளவில்தான். ஆனாலும் உறங்குகிறவர் கேள்வியைக் காதில் வாங்கி, கணக்குப் போட்டு, பதில் சொன்னார் என்பது சின்ன விஷயமா?

இந்த ஆய்வுகளுக்குத் தேவைப்பட்டவை உறக்கத்தைப் பதியும் கருவி, அமைதியான அறை, இரவெல்லாம் விழித்திருக்க ஒரு மாணவர். பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் விபாசனா தியானம் செய்பவர்களின் உறக்கத்தைப் பதிவு செய்து நல்ல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். தியான மரபும் கனவைப் பற்றி யோசித்த மரபும் இவ்வளவு நீளமாக உள்ள நாட்டில் இந்தத் துறைக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: தீராத கெட்ட கனவால் அவதிப்படுபவர்களுக்கு இதைச் சிகிச்சையாகச் சோதித்து வருகிறார்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று என் பாட்டி சொல்வார். பல் விழுந்ததாக விடியலில் கனவு கண்டால் அன்று முழுக்க வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. விடியற்காலையில் ரெம் உறக்கம் நீளமானது, கனவு தெளிவானது, உடனே விழிப்பதால் நினைவிலும் நிற்கிறது. அதனால்தான் அந்தக் கனவுக்கு இவ்வளவு கனம். பலன் பார்க்கும் பட்டியல்களை நம்பி ஒரு நாளைப் பயத்தில் கழிக்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டி கவனித்தது சரி, விடியல் கனவு வேறு மாதிரிதான்.

பழகுவதும் அந்த விடியலில்தான். வாசகி 11.30-க்குப் படுத்து 5 மணிக்கு எழுகிறார். ஐந்தரை மணி நேரம். தெளிவுக் கனவுப் பயிற்சியில் ஒரு முறை எழுந்துவிட்டு மறுபடி உறங்கச் சொல்லும் நேரமும் ஏறக்குறைய அதுவே. எனவே ஞாயிற்றுக்கிழமையும் அந்த 5 மணி அலாரம் அடிக்கட்டும். எழுந்து, தண்ணீர் குடித்து, போனைத் தொடாமல் ஒரு ஐந்து பத்து நிமிடம் உட்காருங்கள். கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, அதற்குள் 'இது கனவு' என்று கண்டுபிடிப்பதாக மனதில் ஓட்டிப் பாருங்கள். "அடுத்து கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பது எனக்கு நினைவு வரும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பப் படுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பால் வாங்க வேண்டும் என்று காலையிலேயே மனதில் போட்டு வைக்கிறோமே, அதே திறமைதான். ஆஸ்திரேலியாவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்பயிற்சியைச் செய்து 5 நிமிடத்துக்குள் உறங்கிப்போனவர்களுக்கு 46% முறை பலித்தது. எல்லோரையும் சேர்த்தால் 17% இரவுகளில்தான். தலையணையில் தலை வைத்ததும் உறங்கிவிடும் களைத்த மனிதர்களுக்கு இது சாதகம் என்றே எனக்குப் படுகிறது.

பகலில் ஒரு சோதனையும் வேண்டும், பழக்கமாகிவிட்டால் கனவிலும் அதைச் செய்து பார்ப்போம். விளக்கு ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பதைச் சிலர் சொல்வார்கள், கனவில் பெரும்பாலும் விளக்கு எரியாது என்பதால். நம் ஊரில் அது வேலைக்காகாது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். கணக்கு எழுதும் வாசகிக்கு இன்னொன்று பொருந்தும். ஒரு தொகையைப் படித்துவிட்டு, முகத்தைத் திருப்பி, மறுபடி படியுங்கள். கனவில் எண்கள் பெரும்பாலும் மாறிப்போயிருக்கும்.

தூக்கம் கெடுமா? தினமும் நடுராத்திரி எழுந்தால் கட்டாயம் கெடும். வாரம் ஒரு நாள் போதும். மறு உறக்கத்தில் சில நேரம் மனம் விழித்து உடம்பு அசைய மறுக்கலாம், மார்பில் எதுவோ ஏறி உட்கார்ந்தது போலிருக்கும். அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். தசைகளைக் கட்டிய அந்தக் கட்டளை விலகச் சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவே. நிதானமாக மூச்சு விடுங்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடும். நிஜம் எது, பிரமை எது என்று குழம்பும் மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். இதற்கென்று விற்கும் மாத்திரைகளையும் யாரும் தொட வேண்டாம்.

என் முதல் தெளிவுக் கனவு ஆறு வார முயற்சிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் நிற்கிறேன், கரும்பலகையில் இருந்த தேதி இரண்டாம் முறை பார்த்தபோது மாறியிருந்தது. கனவு என்று புரிந்ததுமே சந்தோஷத்தில் விழித்துவிட்டேன். பரபரப்புதான் கலைக்கிறது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். கனவுக்குள்ளேயே இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டிருந்தால் கனவு கொஞ்சம் நிலைக்கும்.

திருப்பூர் சகோதரிக்கு அது வாய்க்கும்போது, பறக்கக் கிளம்புவதற்கு முன் கட்டைவிரலை நீட்டி ஒரு முறை இடமிருந்து வலம் கண்ணால் தொடருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.