எஃபெக்டிவ் அக்ரெஷன்: சொல்லும் பொருளும்

குத்துச்சண்டையில் எவரும் விழாமல் எல்லாச் சுற்றுகளும் முடிந்துவிட்டால், வெற்றியை முடிவு செய்வது மேடையோரத்து நடுவர்களின் தாள்கள். தொழில்முறைச் சண்டையில் ஒரு சுற்றுக்கு எண் எழுதுமுன் நடுவர் நான்கைப் பார்க்க வேண்டும் என்பார்கள்: தெளிவாகப் பட்ட குத்துகள், தற்காப்பு, மேடையைத் தன் பிடியில் வைத்திருக்கும் திறன், எஃபெக்டிவ் அக்ரெஷன். முதல் மூன்றும் தமிழில் இடறவில்லை. நான்காவதைத்தான் நம் விளையாட்டுப் பக்கங்கள் ‘ஆக்ரோஷம்’ என்று எழுதிக் கடந்துவிடுகின்றன. நெருக்கமான போட்டிகளைப் பற்றிய நம் பேச்சைக் கோணலாக்கியதில் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள ஊர். இலங்கைக் குத்துச்சண்டையில் முப்படைகளின் அணிகளுக்கு உள்ள இடம் எல்லோரும் அறிந்தது. ஆகவே இங்கே இந்த விளையாட்டைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. டச்சு விரிகுடாக் கடற்கரையில் மாலை வேளைகளில் இளைஞர்கள் பழைய சண்டைகளைக் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்து வாதிடுவார்கள். “முழுக்க அவன்தானே அண்ணா துரத்தினான்? மற்றவன் ஓடிக்கொண்டே இருந்தான். பிறகு எப்படித் தோற்றான்?” நியாயமான கேள்வி. ஆனால் துரத்தியதற்குப் புள்ளி உண்டு என்று அந்தத் தம்பிக்கு யார் சொன்னார்கள்? ‘ஆக்ரோஷம்’ என்ற சொல்தான் சொல்லியிருக்கிறது.

ஆக்ரோஷம் வடமொழி. ‘க்ருஶ்’ என்ற வேருக்குக் கத்துதல், கூவுதல் என்று பொருள். ‘ஆ’ என்ற முன்னொட்டுச் சேர்ந்ததும் அது உரத்துத் திட்டுதல், வசைபாடுதல் என்றாகிறது. ஒரு கத்தல் எட்டும் தொலைவைக் ‘குரோசம்’ என்று அளந்ததும் இதே வேரிலிருந்துதான். தமிழில் கூப்பிடு தூரம் என்கிறோமே, அதுபோல. ஆக, ஆக்ரோஷம் வாயில் பிறந்த சொல். தமிழில் அது வெறி, சீற்றம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. முகத்தில் சீற்றம் தெரிந்தால் ஆக்ரோஷம். கையுறை எதிராளியின் மேல் பட்டதா இல்லையா என்பது அதில் வரவே வராது.

அக்ரெஷனின் பிறப்பு வேறு. இலத்தீனில் ‘அக்ரெதி’ என்றால் ஒன்றை நோக்கி அடியெடுத்து வைத்தல். ‘அத்’ நோக்கி என்பதையும், ‘கிரதி’ நடத்தல் என்பதையும் குறிக்கும். ‘கிரதுஸ்’ என்றால் காலடி, படி. பள்ளிக்கூடத்து ‘கிரேட்’, தேர்ச்சி அறிக்கையின் ‘புரோகிரஸ்’, கட்சிப் பெயராகிவிட்ட ‘காங்கிரஸ்’ எல்லாம் அந்தக் காலடியின் பிள்ளைகள். கோபம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நடுவரின் தாளில் இச்சொல் இன்னும் பழைய பொருளுக்கு அருகிலேயே நிற்கிறது: முன்னால் போவது. ‘எஃபெக்டிவ்’ என்பதோ ‘செய்து முடித்தல்’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்தால், முன்னே போனான், போன காரியத்தை முடித்தான் என்று ஆகிறது. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்கு மதிப்பில்லை. முன்னே வரும்போதெல்லாம் முகத்தில் குத்து வாங்குபவர் முன்னே வருகிறார், அவ்வளவுதான்.

இலத்தீன் சொல்லுக்கு அமைப்பில் அப்படியே இணையான சொல் ஒன்று நம்மிடம் புழங்குகிறது: ஆக்கிரமிப்பு. ‘க்ரம்’ என்ற வடமொழி வேருக்கும் அடியெடுத்து வைத்தல் என்றுதான் பொருள். இருந்தும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆக்கிரமிப்பு என்று திருகோணமலையில் சொன்னால் கேட்பவருக்குக் காணிதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல் இங்கே சுமக்கும் வலி வேறு. அதை விளையாட்டு மேடைக்கு இழுத்து வரக் கூடாது.

தமிழின் சொந்த வழி புறத்திணையில் இருக்கிறது. கோட்டைப் போரைக் கூறும் உழிஞைத் திணைக்குத் தொல்காப்பியம் தரும் இலக்கணம் “முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்” என்பது. முற்றல் என்பது சூழ்ந்துகொள்ளுதல், முற்றுகையின் வேர். கோடல் என்பது கைக்கொள்ளுதல். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். சூழ்வது ஒன்று, கொள்வது வேறொன்று. நம் பிரட்ரிக் கோட்டை 1782ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தார்கள். ஓகஸ்ட் மாதத்தில் அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். வரலாறு அந்த இரண்டையும் குறித்து வைத்திருப்பது கோடல் நிகழ்ந்ததனால்தான். குத்துச்சண்டை நடுவரிடம் கேட்கப்படுவதும் இதுவே: இவர் முற்றினாரா என்று மட்டும் பார்க்காதே, கொண்டாரா என்று பார்.

கோட்டைக்குள் இருப்பவனுக்கும் நம் மரபில் மாலை உண்டு, நொச்சி. தொல்காப்பியம் அதை உழிஞைக்குள் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே வகுத்தது. காப்பவனை ஓடுபவன் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. குறளும் (486) ஊக்கமுடையவனின் ஒடுக்கத்தைத் தாக்குவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவோடு சேர்த்துப் பேசுகிறது. அங்கே வரும் ‘பேர்தல்’ என்ற வினை, எதிர்க்குத்து வீரரின் பின்னடிக்கு நான் கண்ட மிகச் சரியான தமிழ்.

சொல்லின் எடை தெரிய வேண்டுமானால் 1987 ஏப்ரல் 6ஆம் தேதி லாஸ் வேகாஸில் அமெரிக்க வீரர்கள் மார்வின் ஹாக்லரும் சுகர் ரே லெனர்டும் மோதிய 12 சுற்றுகளைப் பார்க்க வேண்டும். ஹாக்லர் முன்னேறிக்கொண்டே இருந்தார். லெனர்ட் வட்டமடித்து விலகினார், பிடித்துக்கொண்டார், சுற்று முடியும் தறுவாயில் சரமாரியாகக் குத்திக் கண்ணைப் பறித்தார். இடக்கை நிலையில் நின்று குத்துவதற்குப் பேர்போன ஹாக்லர் தொடக்கச் சுற்றுகளை வலக்கை நிலையில் ஆடித் தானாகவே விட்டுக்கொடுத்தார். தீர்ப்பு பிளவுபட்டது. ஒருவர் லெனர்டுக்கு 118–110, ஒருவர் லெனர்டுக்கு 115–113, ஒருவர் ஹாக்லருக்கு 115–113. ஹாக்லர் அதன்பின் மேடையேறவே இல்லை.

சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9 என்பது கணக்கு. அப்படியானால் 118–110 என்பது லெனர்டுக்குப் பத்துச் சுற்று, ஹாக்லருக்கு இரண்டே இரண்டு. அந்தத் தாளை என்னால் ஏற்க முடியவில்லை. பின்பாதியில் ஹாக்லரின் முன்னேற்றம் பலித்த சுற்றுகள் இரண்டுக்கு மேல் இருந்தன. ஆனால் முதல் நான்கு சுற்றுகளில் அவர் முன்னே போனாரே தவிர எதையும் கொள்ளவில்லை. இரண்டையும் எடைபோட்டால் லெனர்ட் மயிரிழையில் வென்றார் என்றே எனக்குப் படுகிறது. ஹாக்லர்தான் வென்றார் என்பவரோடும் நான் மணிக்கணக்காகப் பேசத் தயார். ‘அவர்தான் ஆக்ரோஷமாக ஆடினார்’ என்பதை மட்டும் காரணமாகக் காட்டக் கூடாது.

எதிர்த்திசையில் நடந்த அநீதியும் உண்டு. 1993 செப்டெம்பர் 10ஆம் தேதி சான் அன்டோனியோவில் பெர்னல் விட்டேக்கர், முன்னேறிக்கொண்டே வந்த, அதுவரை தோல்வியே காணாத ஹூலியோ சேசர் சாவேஸைச் சுற்றுக்குச் சுற்று வெறுங்காற்றைக் குத்த வைத்தார். இரண்டு நடுவர்கள் 115–115 என்று எழுத, சண்டை சமநிலையில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. முற்றலுக்கே புள்ளி கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒலிம்பிக்கில் இந்தச் சிக்கலைப் பொறியைக் கொண்டு தீர்க்கப் பார்த்தார்கள். 1988 சியோல் இறுதிப் போட்டியில் அமெரிக்க வீரர் ரோய் ஜோன்ஸுக்கு எதிராக வந்த தீர்ப்பு பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. 1992 பார்சிலோனாவிலிருந்து நடுவர்கள் பொத்தானை அழுத்திக் குத்துகளை எண்ணினார்கள். 2016 ரியோவில் தொழில்முறைச் சண்டையின் பத்துப் புள்ளி முறையைக் கொண்டுவந்தார்கள். மனிதக் கண்ணும் அதற்கு வழிகாட்டும் சொற்களும் மீண்டும் தேவைப்பட்டன.

இனித் தமிழ்ச் சொல். பழைய உரைகளில் படை மேல் போவதை ‘மேற்செலவு’ என்பார்கள். இலத்தீன் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. ஆனால் இன்றைக்கு அது கணக்குப் புத்தகத்து மேலதிகச் செலவாகவே காதில் விழும். வெறுமனே ‘தாக்குதல்’ என்றாலும் போதாது, எதிர்க்குத்தும் தாக்குதல்தானே. காலடி முன்னே போவது சொல்லில் தெரிய வேண்டும். எனவே ‘முன்னேறு தாக்குதல்’ என்று வினைத்தொகையாகக் கொள்ளலாம். குறளின் ‘பொருதகர்’ போல இதுவும் காலம் காட்டாமல் இயங்கும். அதன் தலையில் ‘பலித்த’ என்ற அடை கட்டாயம் வேண்டும்: பலித்த முன்னேறு தாக்குதல். ‘பலித்தல்’ கனியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் வழி வந்தது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘வாய்த்த’ என்று கொள்ளலாம். பேச்சிலும் நேரடி வர்ணனையிலும் தொகையை விரித்து ‘முன்னேறினார், பலித்தது’ என்றோ ‘முன்னேறினார், பலிக்கவில்லை’ என்றோ சொன்னால் போதும்.

வீரரை அவரது மூலையின் நிறத்தால் சுட்டும் நடுவரின் குறிப்பு இப்படி அமையலாம்: “ஏழாம் சுற்று. சிவப்பு மூலை முன்னேறியது, பலிக்கவில்லை. நீல மூலை பேர்ந்து எதிர்க்குத்தில் மூன்று முறை தெளிவாகப் பட வைத்தது. நீலம் 10, சிவப்பு 9.”