செத்த புராசஸை ஏன் கொல்ல முடியவில்லை?

"சர்வரில் ஒரு புராசஸ் 'டிஃபங்க்ட்' என்று காட்டிக்கொண்டு நாள்கணக்கில் கிடக்கிறது. உடனே கொல்லும் 'கில் மைனஸ் 9' கட்டளை கொடுத்தாலும் போகவில்லை. என்ன செய்வது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். புராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். இவர் சொல்வது ஏற்கெனவே செத்துவிட்டது, அதனால்தான் கொல்ல முடியவில்லை. ஆனால் செத்தபின்னும் அதன் பெயர் ஏன் பட்டியலில் நிற்கிறது, அதைக் கடைசியில் எடுப்பது யார் என்று பார்க்கப் போனால் லினக்ஸின் உட்கருவான கெர்னலின் நுட்பமான வேலைப்பாடு ஒன்று கண்ணில் படும்.

ஒவ்வொரு புராசஸுக்கும் கெர்னல் 'டாஸ்க் ஸ்ட்ரக்ட்' என்று ஒரு பதிவை வைத்திருக்கிறது. புராசஸின் எண், தாய் (அதை உருவாக்கிய புராசஸ்) யார், பிள்ளைகள் யார், திறந்த கோப்புகள் எங்கே, நினைவகம் எங்கே என்று எல்லாவற்றுக்கும் வழி அதில்தான் இருக்கிறது. பதிவே சில கிலோபைட் வரும். அதோடு, 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 16 கிலோபைட் கெர்னல் ஸ்டாக் ஒன்றும் உண்டு; கெர்னலுக்குள் ஓடும்போது புராசஸ் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம் அது.

புராசஸ் 'எக்ஸிட்' ஆனதும் நினைவகம் திரும்பிப் போய்விடும், கோப்புகள் மூடப்படும். மிஞ்சுவது இந்தப் பதிவும், புராசஸின் எண்ணும், முடிவுக் குறியீடும்தான். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. கட்டளை தட்டும் ஷெல்லில் 137 என்று வந்தால் 128-உம் 9-உம் சேர்ந்தது, அதாவது 9-ஆம் சிக்னலால் (புராசஸுக்கு அனுப்பும் அறிவிப்பு) கொல்லப்பட்டது. இந்தச் சேதியைத் தாய் புராசஸ் 'வெயிட்' என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் விடும் கோரிக்கை) மூலம் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை பதிவு நிற்கும். அதற்குத்தான் ஜாம்பி என்று பெயர். நம் வீடுகளில் பெற்றவருக்குப் பிள்ளை காரியம் செய்வது வழக்கம்; யூனிக்ஸில் பிள்ளைக்குத் தாய் செய்கிறது.

ஆகவே ஜாம்பி தெரிந்தால் அதை விட்டுவிட்டு அதன் தாயைத் தேடுங்கள். 'பிஎஸ்' கட்டளையில் தாயின் எண்ணையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். பெரும்பாலும் பிழை ஒன்றாகத்தான் இருக்கும்: பிள்ளை செத்ததும் வரும் 'சிக்சைல்டு' சிக்னல் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்தாலும் ஒரே சிக்னல்தான் வந்து சேரக்கூடும். சிக்னலுக்கு ஒருமுறை என்று 'வெயிட்' கேட்டால் இரண்டு ஜாம்பிகள் மிஞ்சும். 'டபிள்யூநோஹாங்' ஆப்ஷனோடு 'வெயிட்பிட்' அழைப்பை லூப்பில் போட்டு, இனி யாரும் இல்லை என்று பதில் வரும்வரை கேட்க வேண்டும். முடிவுக் குறியீடு தேவையே இல்லையென்றால், அந்தச் சிக்னலைப் புறக்கணிப்பதாக முன்னதாகவே அறிவித்துவிட்டால் போதும். கெர்னலே பதிவை எடுத்துவிடும். தாயின் நிரலைத் திருத்த வழியில்லையா? தாயை நிறுத்துங்கள். ஜாம்பி 1-ஆம் எண் புராசஸின் பொறுப்பில் போய்ச் சேரும், அது உடனே எடுத்துவிடும். ஆப்பைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் இந்த 1-ஆம் எண்ணில் 'வெயிட்' தெரியாத ஏதோ ஒரு ஆப் உட்கார்ந்திருந்தால்தான் ஜாம்பிகள் குவிகின்றன. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் 'இனிட்' ஆப்ஷன் அதற்காகவே இருக்கிறது. பலர் சர்வரையே ரீபூட் செய்கிறார்கள். ஜாம்பி போய்விடும், பிழை போகாது. காரணம் தேடாமல் ரீபூட்டை நம்புவதையும் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவதையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தாய் வந்து கேட்டுவிட்டது, பதிவை அழித்துவிடலாமா? கூடாது. அழகான இடம் இங்கேதான் தொடங்குகிறது.

சாகிற புராசஸ் தன் கடைசி வரிகளை ஓட்டிக்கொண்டிருப்பது அதே 16 கிலோபைட் ஸ்டாக்கின் மேல்தான். உட்கார்ந்திருக்கும் பாயைத் தானே சுருட்ட முடியாது. அதனால் 'நான் செத்தேன்' என்று குறித்துவிட்டு, தான் ஓடிய பிராசசர் கோரை, அடுத்து யார் ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரிடம் விட்டு விலகுகிறது. திரும்பி வருவதே இல்லை. அடுத்து அந்தக் கோரில் ஓட வருகிற புராசஸ், தன் வேலையைத் தொடங்குமுன் 'எனக்கு முன்னால் இருந்தவர் செத்தவரா?' என்று பார்க்கும். ஆம் என்றால் ஸ்டாக்கை அதுதான் விடுவிக்கும். யாரோ ஒரு புராசஸ், இறந்ததற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பாயைச் சுருட்டிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும்.

இதற்குள் இன்னொரு கோரில் ஓடும் தாய் 'வெயிட்' கேட்டு முடித்திருக்கலாம், முடிக்காமலும் இருக்கலாம். யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் பதிவு பிறக்கும்போதே அதில் ஓர் எண்ணிக்கையை 2 என்று எழுதிவிடுகிறார்கள்: தாய்க்கு ஒன்று, ஷெட்யூலருக்கு ஒன்று. தன் வேலை முடிந்தவர் ஒன்றைக் குறைப்பார். பூஜ்யமாக்குகிறவர்தான் கடைசி ஆள்.

இந்த எண்ணிக்கை தவறினால் விபரீதம். குறைக்க மறந்தால் பதிவு என்றைக்கும் போகாது; கூடுதலாகக் குறைத்தால், இன்னொருவர் படித்துக்கொண்டிருக்கும் நினைவகம் வேறு பொருளுக்குப் போய்விடும். 2016-இல் வெளியான கெர்னல் கீரிங் (ரகசியச் சாவிகளைக் கெர்னல் வைத்திருக்கும் பகுதி) ஓட்டை இப்படிப்பட்டதுதான். ஓரிடத்தில் எண்ணிக்கையைக் குறைக்காமல் விட்டிருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பத் தூண்டி 32-பிட் எண்ணை உச்சம் தாண்டவைத்துச் சுற்றிப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்து, சாதாரணப் பயனர் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆகிவிட முடிந்தது. 2017-இல் வந்த 4.11 பதிப்பில் உச்சத்தைத் தொட்டால் அங்கேயே உறைந்துவிடும் எண்ணி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நினைவகம் கொஞ்சம் ஒழுகலாம், ஆள் மாறாட்டம் நடக்கக்கூடாது என்பது சரியான முடிவு.

எண்ணிக்கை பூஜ்யமான பிறகும் உடனே அழிப்பதில்லை. எண்ணிக்கையைக் கூட்டாமலே, பூட்டும் போடாமலே, பதிவுகளைச் சும்மா பார்த்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். சிக்னல் அனுப்ப ஆள் தேடுகிற வேலை அப்படிப்பட்டது. ஒவ்வொரு பார்வைக்கும் ஓர் எண்ணைக் கூட்டிக் குறைத்தால், நூறு கோர் உள்ள கணினியில் அந்த ஓர் எண்ணுக்காகவே கோர்கள் முட்டிக்கொள்ளும். இங்கே கைகொடுப்பது ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்) என்ற உத்தி. அதன் விதி: படிக்கிறவர் படித்து முடிக்கும்வரை கோரை விட்டுக்கொடுக்கக் கூடாது. அழிக்கிறவர் முதலில் பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார். புதிதாக வருகிறவர் கண்ணில் அது படாது. பிறகு எல்லாக் கோர்களும் ஆளுக்கு ஒருமுறையாவது புராசஸ் மாறும்வரை காத்திருக்கிறார். ஒரு கோரில் ஆள் மாறிவிட்டது என்றாலே, அங்கே பழைய பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முடித்துவிட்டார் என்று பொருள். யாரையும் எண்ணவில்லை, யாரையும் கேட்கவில்லை, ஆனாலும் ஒருவரும் மிச்சமில்லை என்பது உறுதி! படிக்கும் நடுவிலேயே புராசஸை மாற்ற இடம்கொடுக்கும் கெர்னல்களில் மட்டும் கூடுதல் கணக்கு உண்டு.

இதைப் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் 1990-களில் சீக்வென்ட் நிறுவனத்தில் உருவாக்கினார்கள். லினக்ஸுக்குள் வந்தது 2002-இல். மூன்றாண்டில் பலன் காட்டு என்று கேட்கும் ஆராய்ச்சி நிதியில் இப்படியொன்று விளையாது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு மிச்சம் புராசஸ் எண். ஜாம்பியாக இருக்கும்வரை அதன் எண் வேறு யாருக்கும் போகாது. தாய் கேட்டு முடித்ததும் விடுதலையாகிவிடும். எண்களுக்குக் கெர்னல் வழக்கமாக வைக்கும் எல்லை 32,768; இன்று பல லினக்ஸ் விநியோகங்கள் அதை உயர்த்திவிடுகின்றன. எல்லையைத் தொட்டதும் 300-லிருந்து மறுபடி சுற்று தொடங்கும். எல்லையை உயர்த்தாத பரபரப்பான சர்வரில் ஒரு சுற்று சீக்கிரமே முடிந்துவிடும். கோப்பில் எழுதிவைத்த பழைய எண்ணை நம்பி 'கில்' கொடுக்கும் ஸ்கிரிப்ட், அதே எண்ணில் இப்போது ஓடும் டேட்டாபேஸைச் சாய்த்துவிடக்கூடும்.

கெர்னலுக்குள் இதற்கு 2006 வாக்கிலேயே தீர்வு வந்தது: முழுப் பதிவையும் பிடித்துவைக்காமல், அப்போது சுமார் 64 பைட் அளவே இருந்த 'ஸ்ட்ரக்ட் பிட்' என்ற சிறு சீட்டை மட்டும் பிடித்துக்கொள்வது. எண் மறுபடி வழங்கப்படும்போது புதுச் சீட்டு போடுவார்கள், அதனால் ஆள் குழம்பாது. வெளியே நிரல் எழுதுகிறவர்களுக்கு அந்த வசதி 2019-இல்தான் 'பிட்எஃப்டி' என்று கிடைத்தது. பிள்ளையை உருவாக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சிக்னலையும் அதன் வழியாகவே அனுப்புங்கள். பிள்ளை செத்து, பதிவு எடுக்கப்பட்டு, அதே எண்ணில் வேறொரு புராசஸ் ஓடிக்கொண்டிருந்தாலும், 'அப்படி ஒரு புராசஸ் இல்லை' என்றுதான் பதில் வரும்.