விழுந்தார் என்பதோடு நிறுத்தாமல், எப்படி விழுந்தார் என்று கேளுங்கள்

"தவறி விழுந்துட்டாருங்க." அசைவையும் நடையையும் பாதிக்கும் மூளை நோயான பார்கின்சன் உள்ளவர்களின் வீட்டார் பெரும்பாலும் இதற்கு மேல் சொல்வதில்லை. மழையில் பாசி பிடித்த படி, வயசு, விதி என்று காரணமும் கையோடு வந்துவிடும். இலங்கை மலையகத்தில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கும் நான் அங்கேயே விடுவதில்லை. எத்தனை மணிக்கு விழுந்தார்? மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? எழும்பும்போதா, திரும்பும்போதா, கையில் ஏதாவது வைத்திருந்தாரா? சிகிச்சையை இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பார்கின்சன் உள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதமானோர் ஒரு வருடத்துக்குள் ஒருமுறையாவது விழுகிறார்கள். பலர் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். அடுத்து விழக்கூடியவர் யார் என்று கணிக்க, அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013இல் மூன்றே விஷயங்களைப் பார்த்தார்கள்: கடந்த வருடம் விழுந்தாரா, கடந்த மாதம் நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றதா, வழக்கமான நடையில் பத்து மீற்றரைக் கடக்கச் சுமார் 9 செக்கனுக்கு மேல் ஆகிறதா. இதற்கு ஸ்கேன் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலிலேயே பார்த்துவிடலாம்.

கால் ஒட்டிக்கொள்வதைத்தான் நம் வீடுகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கவ்வாத்து வேலை (தேயிலைச் செடி வெட்டுவது) செய்து ஓய்வுபெற்ற, பார்கின்சன் உள்ள ஒரு ஐயாவை அவருடைய லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், போய்ப் பார்த்தேன். காம்பராவிலிருந்து (அறை) இஸ்தோப்புக்கு (முன் திண்ணை) வரும் நிலைவாசலில் பாதம் தரையோடு ஒட்டிவிட்டது. குதிகால் மட்டும் நடுங்குகிறது. மருமகள் "மாமா, காலத் தூக்குங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். உடம்பு முன்னே வருகிறது, கால் வரவில்லை. விழுவது இப்படித்தான். அதே ஐயா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகும் கற்படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறி வந்தார். "படியில ஏறத் தெரியுது, வீட்டுக்குள்ள மட்டும் நடிக்கிறாரு" என்று மகனுக்குக் கோபம்.

அவர் நடிக்கவில்லை. யோசிக்காமல் நடக்க வைக்கும் மூளைப் பகுதியைத்தான் இந்த நோய் தாக்குகிறது. கண்ணுக்கு ஓர் அடையாளம் கிடைத்தால் மூளை வேறு பாதையில் காலை இயக்கிக்கொள்ளும். படியின் விளிம்பு அப்படிப்பட்ட அடையாளம். அந்த வாசலின் இரு பக்கமும் அவர் ஓர் எட்டு வைக்கும் இடைவெளியில் வெள்ளைப் பெயின்டால் கோடுகள் போடச் சொன்னேன். கால் ஒட்டினால் இழுக்கக் கூடாது. நிற்கட்டும், மூச்சு விடட்டும், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றட்டும், பிறகு கோட்டைத் தாண்டட்டும்.

உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வின்படி பயிற்சியால் விழுதல்கள் கால்பங்கு அளவு குறைகின்றன. ஆனால் 474 பேர் பங்கேற்று 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், வீட்டிலேயே செய்த பயிற்சி மொத்தத்தில் விழுதலைக் குறைக்கவில்லை; நோய் முற்றியவர்கள் கூடுதலாகவே விழுந்தார்கள். 2015இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்விலும் நோய் குறைவாக இருந்தவர்களுக்கே பலன் கிடைத்தது. ஆகவே "இப்ப நல்லாத்தான் நடக்கிறாரு, பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். கை நடுக்கம் மட்டும் இருக்கும்போதே வாருங்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புவது, ஜன்னல் கட்டையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, அகலமாக வளைந்து திரும்புவது, எல்லாம் அப்போதே பழக வேண்டியவை. நோய் முற்றியவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்காமல் பயிற்சி வேண்டாம்.

கவனம் சிதறுவதும் விழ வைக்கும். வாளியில் தண்ணீரோடு வருபவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து இந்தக் கவனக் குறைவில் உதவுமா என்று 130 பேரிடம் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. விழுதல் குறைந்தது, குமட்டலும் வாந்தியும் கூடின. நரம்பியல் வைத்தியர் சொல்லாமல் அதைத் தேடிப் போக வேண்டாம்.

விடியற்காலைக் குளிரில் கழிப்பறைக்குப் போக எழும்பி விழுபவர்களுக்கு, பெரும்பாலும் நான் முதலில் பார்ப்பது பிரஷரை. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொருமுறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரைகளை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அதுவரை கட்டிலில் கொஞ்சநேரம் உட்கார்ந்து பாதத்தை ஆட்டிவிட்டு எழும்பட்டும். இரவில் லயத்துக்கு வெளியே போவதைவிடக் கட்டிலருகே ஒரு போத்தல் வைப்பது நல்லது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விழுந்தபின் இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், நிற்க வைத்தும் பார்க்க வேண்டாம். கம்பளியால் போர்த்தி, அசைக்காமல் வைத்து 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். அழைப்பில் தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் லய இலக்கத்தையும் சொல்லி, ரோட்டு முனையில் ஒருவரை நிறுத்துங்கள்.