ஆயிரம் எப்படி முப்பதானது?

விடுதியில் படித்த காலத்தில் என் டிரங்குப் பெட்டிக்கு மூன்று சக்கர நம்பர் பூட்டு போட்டிருந்தேன். உள்ளே இருந்த பொக்கிஷம், அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். எண்ணுக்கு இரண்டு விநாடி என்றாலும் எல்லாவற்றையும் உருட்டிப் பார்க்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வார்டன் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். அறைத் தோழன் இரண்டே நிமிடத்தில் திறந்தான்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. பூட்டின் வளையத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டினான். வளையத்தோடு சேர்ந்த தண்டில் மூன்று பற்கள் உண்டு. ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு இருக்கும். மூன்று வெட்டுகளும் பற்களுக்கு நேராக வந்தால் தண்டு நழுவி வெளியே வரும். மூன்று பற்களும் அச்சு அசலாக ஒரே அளவில் இருந்தால் இழுக்கும் விசையை மூன்றும் சமமாகத் தாங்கும். ஆனால் எந்தத் தொழிற்சாலையாலும் அப்படிச் செய்ய முடியாது. மயிரிழை வித்தியாசத்தில் ஏதோ ஒரு பல்தான் முதலில் முட்டும். அந்தச் சக்கரம் இறுகும், மற்றவை லொடலொடவென்று சுற்றும். இறுகியதை உருட்டி வெட்டைக் கண்டுபிடித்ததும் அடுத்தது இறுகும். ஆக, 10×10×10 என்று இருந்தது 10+10+10 ஆகிவிட்டது. அதிகபட்சம் முப்பது முயற்சி.

அமெரிக்கப் பள்ளிகளில் வராந்தா நெடுக நிற்கும் இரும்பு லாக்கர்களில் தொங்குவது வேறு ரகம். வட்டமான டயல், அதில் 0 முதல் 39 வரை எண்கள். வலப்பக்கம் இரண்டு மூன்று முழுச் சுற்று சுற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும். பிறகு இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று தாண்டி இரண்டாவது எண். அப்புறம் மறுபடி வலப்பக்கம், நேராக மூன்றாவது எண்ணுக்கு.

ஏன் இத்தனை சுற்று? உள்ளே ஒரே அச்சில் மூன்று தட்டுகள் இருக்கின்றன, ஆனால் டயலோடு இணைந்தது ஒன்றே ஒன்றுதான். ரயில் நிலையத்தில் எஞ்சின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் ஷண்டிங்கைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதல் சுற்றில் டயலின் தட்டிலுள்ள புடைப்பு நடுத்தட்டை முட்டித் தள்ளும். அடுத்த சுற்றில் நடுத்தட்டு கடைசித் தட்டைத் தள்ளும். மூன்றும் சேர்ந்து ஓடும்போது நிறுத்தினால் கடைசித் தட்டு தன் இடத்தில் நிற்கும். திருப்பிச் சுற்றினால் அதை அங்கேயே விட்டுவிட்டு நடுத்தட்டை மட்டும் இழுத்துப் போய் நிறுத்தலாம். மீண்டும் திருப்பினால் எஞ்சின், அதாவது டயலின் தட்டு, மட்டும் தனியே வரும். மூன்று தட்டுகளின் வெட்டுகளும் ஒரே வரிசையில் நின்றால் வளையம் திறக்கும்.

40×40×40 என்றால் 64,000 வழிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாஸ்டர் லாக் நிறுவனத்தின் பிரபலமான மாடல் ஒன்றில் எண்களுக்குள் ஓர் உறவு இருந்தது. முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் 4-ஆல் வகுத்தால் ஒரே மீதி வரும். நடு எண்ணின் மீதி அதிலிருந்து 2 தள்ளி இருக்கும். இதனாலேயே 64,000 என்பது 4,000 ஆகச் சுருங்கியது. வளையத்தை இழுத்து, டயல் எங்கே சிக்குகிறது என்று பார்த்து மூன்றாம் எண்ணைப் பிடித்துவிட்டால் மிச்சம் 100. சாமி கம்கார் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2015-இல் அதையும் எட்டு முயற்சிக்குள் கொண்டுவந்து காட்டினார்.

மாணவர்கள் அவருக்கும் ஒரு படி மேல். மணியடிக்கும் அவசரத்தில் முதல் இரண்டு எண்களை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போவார்கள், வந்ததும் கடைசி எண்ணுக்குத் திருப்பினால் போதும் என்று. யார் வந்து திருப்பினாலும் போதும்தான்! பள்ளிகளுக்கென விற்கும் பூட்டுகளின் முதுகில் ஒரு சாவித்துளையும் உண்டு. மாணவன் எண்ணை மறந்தால் அலுவலகத்திலிருந்து ஒரே சாவியைக் கொண்டுவந்து எந்த லாக்கரையும் திறந்துவிடலாம்.

சரி, என் முறுக்குக்கு வருகிறேன். நம்பர் பூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான சாவிப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினேன். அடுத்த வாரம் பார்த்தால் பூட்டு பூட்டியபடியே இருந்தது. பெட்டியின் பின்புறம் கீலின் ஆணி மட்டும் கழன்று கட்டிலுக்கடியில் கிடந்தது.