மூன்று அளவில் வீடியோ செய்தால் மட்டும் போதாது

போன வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியர் அழைத்தார். உயர்தர இரசாயனவியல், இரண்டு மணி நேரப் பதிவு. "தம்பி, 1080, 720, 360 எண்டு மூண்டும் செய்து போட்டிருக்கிறன். ஹட்டன் பிள்ளைகளுக்கு அடிக்கடி நிக்குதாம், சொன்னதையே திருப்பிச் சொல்லுதாம்." இந்த மாதத்தில் இதே முறைப்பாடு எனக்கு நாலாவது தடவை.

கோப்புகளை வாங்கிப் பார்த்தேன். நினைத்ததுதான். கீஃப்ரேம்கள், அதாவது முழுப் படமாகச் சேமிக்கப்படும் ஃபிரேம்கள், மூன்றிலும் மூன்று இடத்தில் நிற்கின்றன. மற்ற ஃபிரேம்களில் மாற்றம் மட்டுமே இருக்கும்.

1080, 720, 360 என்பவை படத்தின் உயரம், பிக்சலில். இப்படி மூன்று அளவு இருந்தால் வீடியோ இணைய வேகத்துக்கேற்ப மாறிவிடும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். பிளேயர் ஓடும்போதே 720இலிருந்து 360க்குத் தாவ வேண்டும். தாவும் இடத்தில் கீஃப்ரேம் இருக்க வேண்டும், அதுவும் எல்லாக் கோப்பிலும் அதே நொடியில். வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளை அதன் போக்கில் விட்டால், அதற்குள் வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 அடுத்த கீஃப்ரேமுக்கு 250 ஃபிரேம் வரை எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 10 நொடி. நடுவில் காட்சி மாறினால் தானாகவும் ஒன்றைச் செருகும். 1080இல் காட்சி மாறியதாக அதற்குப் படும் இடம், 360இல் படாமல் போகலாம். இணையத்தில் அனுப்புவதற்கு வீடியோவைச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். நீங்கள் 6 நொடித் துண்டு கேட்டாலும் அடுத்த கீஃப்ரேம் வந்த பிறகுதான் வெட்டும். அப்புறம் துண்டுகள் எப்படிப் பொருந்தும்?

ஃபிரேம் வேகத்தை முதலில் 25 என்று நிலைப்படுத்துங்கள். போனில் எடுத்த வீடியோக்களில் அது ஏறி இறங்கும். ஜிஓபி (ஒரு கீஃப்ரேமிலிருந்து அடுத்ததற்கு உள்ள ஃபிரேம் எண்ணிக்கை) 50, குறைந்தபட்ச இடைவெளியும் 50, காட்சி மாறும்போது தானாகச் செருகாதிருக்க காட்சிமாற்ற வரம்பு 0. இரண்டு நொடிக்கு ஒரு கீஃப்ரேம், ஆறு நொடித் துண்டு. வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையான எச்எல்எஸ்ஸுக்கு ஆப்பிள் தரும் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது.

எந்தெந்தத் துண்டை ஓட்டுவது என்று பிளேயருக்குச் சொல்லும் எச்எல்எஸ் பட்டியலின் அளவை 0 ஆக்குங்கள்; அப்போதுதான் எல்லாத் துண்டும் அதில் இருக்கும். சும்மா விட்டால் கடைசி 5 துண்டு மட்டுமே பட்டியலில் நிற்கும். கொட்டாஞ்சேனையில் ஒருவர் ஏற்றிய தேர்த்திருவிழாப் பதிவில் கடைசி அரை நிமிடம்தான் ஓடியது. 480இல் எடுத்ததை 1080க்கு இழுக்கவும் வேண்டாம்; தெளிவு கூடாது, டேட்டாதான் போகும்.

வீட்டு ஃபைபரில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். பிரௌசரில் வேகத்தைக் குறைத்து, பாடத்தின் நடுவில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். 360இல் சமன்பாட்டின் கீழ்க்குறி எண்கள் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் கேமராவைப் பலகைக்குக் கிட்ட வையுங்கள். டேட்டாவை எண்ணி எண்ணிப் படிக்கிற பிள்ளை அந்த 360ஐத்தான் பார்க்கிறது.

மூலப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். வெள்ளவத்தை ஆசிரியரிடம் அது இருந்தபடியால் மறுநாள் காலைக்குள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து கொடுக்க முடிந்தது.